எழுப்ப வேண்டாத அறை

விமான நிலையத்திலிருந்து நடந்தால் இருபது நிமிடம்.
யாரையும் நடக்கச் சொல்வதில்லை.
நடைபாதை பாதியில் நின்றுவிடும்,
அப்புறம் பீட்ரூட் வயல்,
அதற்கும் அப்பால் பழைய சுரங்கத்தின் கறுப்பு மேடு.
பெல்ஜியத்தைப் பார்க்க வந்தவர்கள் பார்க்கிற பெல்ஜியம்
பெரும்பாலும் இவ்வளவுதான்.

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
இந்த மேசை என்னுடையது.
சட்டையில் குத்திய அட்டையில் மெலிஸாண்ட் என்று இருந்தது.
எழுத்து உதிர்ந்து இப்போது ‘மெலி’ மட்டும்.
வருகிறவர்களுக்கு அது போதும்.

அறையில் என்னென்ன உண்டு என்று கேட்பார்கள்.
கட்டில். கதவு.
சுவரோடு திருகிய சோப்புக் குப்பி.
திருட்டுப் போகாதபடி கொக்கி இல்லாத கோட் மாட்டி;
பார்சிலோனாவுக்கு யார் கோட் மாட்டி கொண்டுபோவார்கள்,
எனக்கு இன்னும் விளங்கவில்லை.
துண்டு ஒன்று. இரண்டாவதுக்கு இரண்டு யூரோ.
ஜன்னல் திறக்காது.
இதைச் சொல்லும்போது மட்டும்
குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

மேசையோரம் ஒரு எடைக்கருவி.
இரவெல்லாம் அதில் பெட்டிகள் ஏறி இறங்கும்.
முந்நூறு கிராம் கூடுதல்.
அவன் அவளுடைய காலணியை வெளியே எடுப்பான்,
அவள் அவனுடைய சவர நுரையை.
ஒரு கல்யாணம் எத்தனை கிராமில் விரிசல் விடும் என்று
எனக்குத் தோராயமாகத் தெரியும்.

எல்லோரும் எழுப்பச் சொல்வார்கள்.
மூன்று பத்துக்கு. மூன்றரைக்கு.
‘நாலுக்கு, ஆனால் நாலே காலுக்கு இன்னொரு தடவை.’
பதினாலாம் அறைக்கு நேரே மட்டும்
மாதத்தின் கடைசி வியாழனன்று
என் கையெழுத்தில்: எழுப்ப வேண்டாம்.

திரு. பிரான்கார். பெட்டி கிடையாது.
ரொட்டிக்கடைப் பையில் ஒரு பல்துலக்கி.
முதல் தடவை, பழக்கதோஷத்தில்,
எந்த விமானம் என்று கேட்டுவிட்டேன்.
‘எல்லாமும்தான்’ என்றார்.

ஓடுபாதை முடிகிற தெருவில் வீடு.
சரக்கு விமானங்கள் கூரையை உரசிக்கொண்டு இறங்கும்,
அலமாரியில் கோப்பைகள் இடம் மாறும்,
காலையில் எண்ணி அடுக்குவார்.
நாற்பத்தோரு வருடம் கண்ணாடித் தொழிற்சாலையில்.
ஜன்னல் பார்த்தவுடன் விரலால் தட்டிச் சொன்னார்:
‘இரட்டை. நல்ல சரக்கு.’
விமானத்தின் வாசலிலேயே இருப்பதால்
விமானம் கேட்காத இடம்.
நாற்பத்தொன்பது யூரோவுக்குப் பதினோரு மணி நேரம்.
அறை துடைக்கும் யோனேலா கதவில் காது வைப்பாள்,
குறட்டை வந்தால்
வாளியோடு அடுத்த அறைக்கு.

நவம்பரில் வேலைநிறுத்தம்.
ஒன்றும் பறக்கவில்லை.
கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் ஜனம்,
பானம் தரும் இயந்திரம் காலி,
இரட்டைக் குழந்தைகளோடு ஒருத்தி
எடைக்கருவியின் மேல் உட்கார்ந்திருந்தாள்;
முள் எண்பத்தொன்றில் நடுங்கியது.
அன்று கடைசி வியாழன்.

மழையோடு வந்தார். சாவி அட்டையை வாங்கினார்.
வாங்கிய கையாலேயே அவளிடம் கொடுத்தார்.
‘இன்றைக்கு என் வீட்டுக்கும்
இரட்டைக் கண்ணாடி போட்டாயிற்று, மெலி.’
பணத்தைத் திருப்பித் தர விதி இல்லை.
காலை உணவுப் பையைக் கொடுத்தேன்:
ஒரு ரொட்டி, ஓர் ஆப்பிள்.

மூன்று மணிக்குத் தொலைபேசி.
‘ஒரு கோப்பைகூட அசையவில்லை’ என்றார்.
கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும்.
ஆப்பிளைக் கடிக்கும் சத்தம்.
பிறகு:
‘ஒருவேளை தூங்கிப்போனால்
எட்டு மணிக்கு எழுப்புவாயா?
விடிந்தது தெரியாமல் போய்விடும்.’

எண்ணைக் குறித்துக்கொண்டேன்,
அறை எண் எழுதும் இடத்தில் தெருவின் பெயர்.

எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து
என் சொந்தக் காசில் கூப்பிட்டேன்.
ஆறு தடவை மணி அடித்தது.
வயலுக்கு மேல் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.
ஏழாவது அடிக்குமுன் வைத்துவிட்டேன்.

ஒன்பது வருடத்தில்
எழுப்பச் சொல்லியும் நான் எழுப்பாமல் விட்ட
ஒரே ஆள்.